அவர் ஏன் கயிற்றை விட்டார்?

பதினோராம் வகுப்பில் இயக்க விதிகள் பாடத்தை முடித்த அன்று, "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், 'கிராவிட்டி' படத்துல அவர் ஏன் சார் கயிற்றை விட்டார்?" என்று கேட்டான். முந்தைய வாரம் அந்தப் படத்தை அலைபேசியில் பார்த்திருக்கிறான். இரவெல்லாம் அந்தக் கேள்வி அவனை உறங்கவிடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்து நின்று கேட்கும் அளவுக்கு உறுத்தியிருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கி 2013இல் வெளிவந்த அந்தப் படத்தில், செயற்கைக்கோள் சிதறல்கள் மோதித் தங்கள் விண்கலத்தை இழந்த இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பட்டை ஒன்றால் பிணைக்கப்பட்ட நிலையில், ஆணின் முதுகில் உள்ள உந்துகருவியின் துணையோடு பன்னாட்டு விண்வெளி நிலையத்தை வந்தடைகிறார்கள். வேகத்தைக் குறைக்க முடியாமல் நிலையத்தின் மீது மோதித் தெறிக்கிறார்கள். கடைசியில், அங்கே விரிந்து கிடக்கும் பாராசூட் கயிறுகளில் அந்தப் பெண்ணின் கால் சிக்கிக்கொள்ள, அவள் பிடித்திருக்கும் பட்டையின் மறுமுனையில் அவர் நிற்கிறார். இருவரும் நின்றுவிட்டார்கள் என்பது திரையில் தெளிவாகவே தெரிகிறது. ஆனாலும் கிணற்றுக்குள் தொங்குபவரை பூமி இழுப்பதுபோல ஏதோ ஒன்று அவரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தன்னை விடாவிட்டால் அவளும் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிக் கொக்கியைக் கழற்றிவிட்டு, மெல்ல விலகி இருளுக்குள் போகிறார். படத்தின் மிக உருக்கமான காட்சி அதுதான்.

மாணவனின் கேள்வி புதியதன்று. படம் வெளிவந்தபோதே வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதையே ட்விட்டரில் கேட்டார். இருவரும் நிலையத்தோடு சேர்ந்து ஒரே வேகத்தில்தான் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பட்டை ஒருமுறை இறுகி இருவரையும் நிறுத்திவிட்ட பிறகு, அவரை வெளியே இழுக்க எந்த விசையும் மிச்சமில்லை. அவள் பட்டையை இரண்டு விரலால் சுண்டி இழுத்திருந்தால்கூட அவர் மிதந்து அவளிடம் வந்து சேர்ந்திருப்பார்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்த தைரியத்தில் அவருடைய சுழல்நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். கேள்வி கேட்டவனையே அதில் உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி, துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை முன்வரிசைப் பையன் ஒருவனிடமும் கொடுத்தேன். அவன் லேசாகச் சுண்டினான். நாற்காலி அசைந்து, வழவழப்பான சிமெண்டுத் தரையில் உருண்டு வந்தது. ஒரு சக்கரத்தில் நூல் சுற்றியிருந்ததால் பாதி வழியில் பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் முட்டியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்தது. வகுப்பு சிரித்து முடித்ததும் நாற்காலியில் இருந்தபடியே அவன் கேட்டான்: "அப்போ அவர் வீணாத்தான் செத்தாரா சார்?"

அறிவியல் புனைகதைப் படங்களில் அறிவியல் சரியாக இருக்க வேண்டுமா என்ற பழைய விவாதத்தில் நான் இதுவரை கேட்ட எல்லா வாதங்களையும்விட இந்த ஒரு கேள்வி எனக்குப் பயன்பட்டது. வழக்கமான வாதங்கள் இரண்டு. படம்தானே, பொழுதுபோக்குதானே, பாடப்புத்தகமா எழுதுகிறார்கள் என்பது ஒன்று. அறிவியல் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி அபத்தமாக எடுக்கலாமா என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் பிழைகளைப் பொதுவாக வைத்தே பேசுகிறார்கள். எந்தப் பிழை கதையின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. மாணவனோ அதைத்தான் பார்த்தான். அந்த மனிதர் உயிரை விடுவது ஒரு தியாகம் என்று படம் சொல்கிறது. அது தியாகமாக இருக்க வேண்டுமென்றால், விட்டே ஆகவேண்டும் என்ற நெருக்கடி உண்மையாக இருக்க வேண்டும். நெருக்கடியை உண்டாக்கும் விசையே இல்லை என்றால் அது வெறும் தவறான முடிவு. இயற்பியல் பிழைபட்டதால் அந்த மனிதரின் சாவுக்கே பொருள் மாறிவிடுகிறது.

இதே படத்தில் இதைவிடப் பன்மடங்கு பெரிய பிழை ஒன்று உண்டு. கதை தொடங்குவது ஹபிள் தொலைநோக்கியில். படம் வந்த காலத்தில் அது பூமிக்கு மேலே சுமார் 550 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்த பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. விண்வெளி நிலையமோ சுமார் 400 கி.மீ. உயரத்தில், 51.6 பாகை சாய்வில் சுற்றுகிறது. உயர வேறுபாடுகூடப் பரவாயில்லை. சுற்றுப்பாதையின் தளத்தை 23 பாகை திருப்ப வேண்டும் என்றால் வினாடிக்குச் சுமார் 3 கி.மீ. அளவுக்குத் திசைவேகத்தை மாற்றியாக வேண்டும். முதுகில் கட்டும் உந்துகருவியால் வினாடிக்குச் சில பத்து மீட்டர் மாற்ற முடிந்தாலே பெரிது. சைக்கிளில் கடல் கடப்பது போன்ற காரியம் அது. ஆனால் வகுப்பில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் முதல்முறை பார்த்தபோது இதற்காக முகம் சுளிக்கவில்லை. நாடக மேடையில் அரண்மனையும் காடும் பத்தடி இடைவெளியில் இருப்பதை நாம் ஏற்றுக்கொள்வதுபோல, ஹபிளும் நிலையமும் அக்கம்பக்கத்தில் இருப்பதை ஏற்றுக்கொண்டோம். யாருடைய முடிவும், யாருடைய கண்ணீரும் அதன் மேல் நிற்கவில்லை.

இப்படி எழுதிவிட்டு ஒரு கணம் தயங்குகிறேன். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் இறந்தபோது, அவர்கள் ஏன் விண்வெளி நிலையத்துக்குப் போய் ஒதுங்கியிருக்கக் கூடாது என்று பலர் கேட்டார்கள். கொலம்பியாவின் பாதை 39 பாகை சாய்வில் இருந்தது. நிலையத்தின் பாதைக்கு மாற அதனிடம் எரிபொருள் இல்லை. அதே காரணத்தால்தான் ஹபிளைப் பழுதுபார்க்கும் கடைசிப் பயணத்தை 2004இல் நாசா ரத்து செய்தது. அங்கே ஏதேனும் நேர்ந்தால் வீரர்கள் நிலையத்தில் அடைக்கலம் புக முடியாது. முடிவை மாற்றி 2009 மே மாதத்தில் அட்லாண்டிஸ் கலத்தை அனுப்பியபோது, மீட்புக்கென்றே எண்டவர் கலத்தை இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். இதெல்லாம் தெரிந்த ஒருவர் 'கிராவிட்டி'யைப் பார்த்தால் அந்தப் பயணம் உறுத்தத்தான் செய்யும். அவரிடம் என்னால் வாதாட முடியாது. ஆகவே, பிழை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதோடு, பார்ப்பவர் எதைச் சுமந்துகொண்டு அரங்குக்குள் வருகிறார் என்பதும் கணக்கில் சேரும்.

'தி மார்ஷியன்' படம் ஒரு பொய்யில்தான் தொடங்குகிறது. செவ்வாயில் வீசும் புயல் கலத்தைச் சாய்க்கப் பார்க்கிறது, ஒரு மனிதனை அடித்துத் தூக்கிப் போடுகிறது, மற்றவர்கள் அவன் இறந்துவிட்டதாக எண்ணிக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் நம்முடையதில் 100இல் ஒரு பங்குகூட இல்லை. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 60இல் ஒரு பங்கு. காற்று தள்ளும் விசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே அங்கே மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, இங்கே மணிக்கு 20 கி.மீ. வேகக் காற்று தள்ளும் அளவுக்குத்தான் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செவ்வாய்ப் புயலில் மாடியில் காயவைத்த வடாம் பறக்கலாம், அம்மி நகராது.

மூலக் கதையை எழுதிய ஆண்டி வியருக்கு இது தெரியும். தெரிந்தேதான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார். எந்திரச் சோதனையில் நிகழும் வெடிவிபத்து என்று வேறொரு தொடக்கமும் அவர் யோசனையில் இருந்தது. மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் சண்டையில் முதல் அடியை இயற்கை கொடுக்கட்டும் என்று புயலையே வைத்துக்கொண்டார். எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. பொய் அவனை ஆபத்தில் மாட்டிவிடுகிறது, பிறகு விலகிக்கொள்கிறது. அங்கிருந்து அவன் பிழைப்பது முழுக்கத் தன் கணக்கால். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனை இரிடியத்தின் மேல் விட்டுச் சிதைத்து, பிரியும் ஹைட்ரஜனை எரித்து உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் உண்டாக்குகிறான். ஒருமுறை எல்லாம் வெடித்து அவனைத் தூக்கி எறிகிறது. தன் மூச்சோடு வெளிவரும் மிச்ச ஆக்சிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன் என்று புகை படிந்த முகத்தோடு சொல்கிறான். நான் கைதட்டியது அந்த இடத்தில்தான். மாணவர்களின் விடைத்தாளில் நான் 20 ஆண்டுகளாகச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கும் பிழை, ஒரு திரைக்கதையில் திருப்பமாக வந்து நிற்கிறது. செவ்வாய் மண்ணில் நச்சுத்தன்மை கொண்ட பெர்குளோரேட் உப்பு இருப்பதை ஃபீனிக்ஸ் ஆய்வுக்கலம் 2008இலேயே கண்டது. படம் அதைக் கண்டுகொள்ளவில்லை. மண்ணை அலசினால் அந்த உப்பு கரைந்து போய்விடும் என்பதால் நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் அதே படத்தின் முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. மீட்க வரும் கலத்துக்கும் அவனுக்கும் இடைவெளி இருக்கிறது. அவன் தன் கையுறையைக் கிழித்து, வெளியேறும் காற்றின் எதிர்விசையால் பறந்து போய்ச் சேர்கிறான். நாவலில் இது வெறும் வேடிக்கைப் பேச்சாக வந்து, பயணக்குழுவின் தலைவியால் உடனே மறுக்கப்படும் யோசனை. படத்துக்காக அதை நிகழ்வாக்கிவிட்டார்கள். நீட்டிய கையிலிருந்து விசை கிளம்பினால் அது உடலின் நிறைமையத்தின் வழியே போகாது. ஆள் பம்பரமாகச் சுழல்வான். இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டே உயிர் பிழைத்த ஒருவனைக் கடைசி நிமிடத்தில் கணக்கு பார்க்காமல் காப்பாற்றிவிட்டார்கள். சிக்கலை உண்டாக்கப் பொய் சொல்வது கதைசொல்லியின் உரிமை. சிக்கலை அவிழ்க்கவும் அதே பொய்யைக் கூப்பிட்டால், நடுவே அந்த மனிதன் பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு?

அறிவியல் என்றாலே படைப்பாளியின் கையைக் கட்டிப்போடும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் படம் 'இன்டர்ஸ்டெல்லர்'. 2014இல் வந்த அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்த கிப் தோர்ன், மூன்று ஆண்டுகள் கழித்து ஈர்ப்பலை ஆய்வுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கருந்துளைக்கு அருகில் உள்ள ஒரு கோளில் 1 மணி நேரம் கழிந்தால் பூமியில் 7 ஆண்டுகள் கழிய வேண்டும் என்று இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் கேட்டார். நடக்காது என்று முதலில் நினைத்த தோர்ன், உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தார். கருந்துளை தன்னால் சுழலக்கூடிய உச்ச வேகத்தை நெருங்கி, 100 லட்சம் கோடியில் ஒரு பங்கு குறைவாகச் சுழன்றால் அது சாத்தியம் என்று விடை வந்தது. இயற்கையில் அப்படி ஒன்று இருக்குமா என்பது வேறு விஷயம். விதிகள் அதைத் தடுக்கவில்லை.

அந்தக் கோளில் சில மணி நேரம் தாமதித்துத் தாய்க்கலத்துக்குத் திரும்பும் தந்தை, 23 ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கும் காணொளிச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். பள்ளிப் பையனாக விட்டுவந்த மகன் அவர் கண்முன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், பேரப்பிள்ளையைக் காட்டுகிறான், அந்தப் பிள்ளையைப் புதைத்துவிட்டதைச் சொல்கிறான். மேற்கோள் காட்டி அழவைக்கும் வசனம் அங்கே எதுவும் இல்லை. அழவைப்பது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல். இதை மந்திரவாதி சாபம் என்று வைத்திருந்தால் ராஜா ராணிக் கதையாகக் கேட்டுவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஈர்ப்பு மிகுந்த இடத்தில் நேரம் மெல்ல நகர்கிறது என்பது, நம் சட்டைப்பையில் இருக்கும் அலைபேசிக்கே தெரிந்த உண்மை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கி.மீ. அளவுக்கு இடம் தவறிவிடும். அந்தத் தந்தைக்கு நேர்ந்தது, அளவில் மிகச் சிறியதாக, மாடிவீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் இடையே ஒவ்வொரு நாளும் நேர்ந்துகொண்டிருக்கிறது. உண்மையான விதி என்பதால்தான் அந்தக் காட்சி படம் முடிந்த பிறகும் கூடவே வருகிறது.

இவ்வளவு கறாராக எடுத்த படத்திலும் ஓர் இடத்தில் உண்மையை வேண்டுமென்றே கைவிட்டிருக்கிறார்கள். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் ஒளித்தட்டில், நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகவும் விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும், டாப்ளர் விளைவு. கணினியில் அப்படியே உருவாக்கிப் பார்த்தார்கள். பார்வையாளர் குழம்புவார்கள் என்று நோலன் கருதியதால் இரு பக்கத்தையும் சமமாக்கிவிட்டார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் வெளியானபோது, அதில் கீழ்ப்பக்கம் தடித்து ஒளிர்ந்ததைக் கண்டேன். அதற்காகப் படத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தட்டின் ஒரு பக்கம் மங்கலாக இருந்திருந்தால் அந்தத் தந்தையின் முடிவு எதுவும் மாறியிருக்காது.

ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 1929இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த நிலவுப் பயணப் பேசாப்படத்துக்கு ஆலோசகர் ஹெர்மன் ஓபெர்த். ராக்கெட் அறிவியலின் முன்னோடிகளில் ஒருவர். படத்தில் அடுக்கு ராக்கெட் உண்டு. புறப்பாட்டுக்கு முன் பின்னோக்கி எண்ணுதல் உண்டு. உண்மையான ராக்கெட்டுகளுக்கு அந்த வழக்கம் வருவதற்கு முன்பே, பரபரப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. இன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். அதே படத்தில் நிலவின் மறுபக்கத்தில் ஆட்கள் தலைக்கவசம் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஓபெர்த்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பேச்சில்லாத படத்தில் முகம்தான் பேசியாக வேண்டும், முகத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைக்க முடியாது என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்பதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. பின்னணி இசையும்தான் வெற்றிடத்தில் கேட்கிறது.

நம்மூர்ப் படங்களுக்கு வந்தால் என் அளவுகோல் சற்றுத் தடுமாறுகிறது. 1963இல் வெளிவந்த 'கலை அரசி'யில், இசை இல்லாத வேற்றுக்கோளிலிருந்து ஒருவன் வந்து, நன்றாகப் பாடும் பெண்ணைத் தங்கள் மக்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கக் கடத்திக்கொண்டு போகிறான். எம்.ஜி.ஆர். போய் மீட்டு வருகிறார். இதில் அறிவியல் எங்கே என்று தேடுபவர் பானுமதி பாடுவதைக் கேட்கும் வாய்ப்பை இழப்பார். அந்தப் படம் நம் உலகத்தைப் பற்றி எந்த உண்மையையும் சொல்வதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

'7ஆம் அறிவு' (2011) அப்படிப்பட்டதன்று. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த போதிதர்மரின் மருத்துவ அறிவும் போர்க்கலையும் அவருடைய வழித்தோன்றலின் டி.என்.ஏ.வில் உறங்கிக்கொண்டிருக்கின்றன, அவற்றை ஆய்வகத்தில் எழுப்பலாம் என்பது கதை. ஒருவர் வாழ்நாளில் கற்றது டி.என்.ஏ.வில் எழுதப்படுவதில்லை. அது போக, 25 ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் 1,500 ஆண்டுகளில் 60 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னோர் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 60 முறை இரட்டித்தால் 1-க்குப் பின்னால் 18 சுழியங்கள் இட்ட எண்ணையும் தாண்டிவிடும். அத்தனை பேர் பூமியில் வாழ்ந்ததே இல்லை என்பதால், அந்தப் பட்டியலில் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு மூதாதையிடமிருந்து நமக்கு ஒரு துணுக்கு டி.என்.ஏ.கூட வராமல் போகவே வாய்ப்பு அதிகம்.

இதைக் கதைக்குத் தேவையான முதல் பொய் என்று, செவ்வாய்ப் புயலை விட்டதுபோல விட்டுவிடலாம்தான். என்னால் விட முடியவில்லை. காரணம், அந்தப் படம் திரையைத் தாண்டி நேராக என்னிடம் பேசுகிறது: உன் முன்னோரின் அறிவு உனக்குள் இருக்கிறது, நீதான் மறந்துவிட்டாய் என்கிறது. செவ்வாயில் புயல் வீசுகிறது என்று நம்பிக்கொண்டு அரங்கை விட்டு வெளியே வருபவரால் யாருக்கும் கெடுதல் இல்லை. அறிவு ரத்தத்தில் வரும் என்று நம்பிக்கொண்டு வெளியே வருபவர் அந்த நம்பிக்கையைத் தன் வகுப்பறைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோகிறார். பரம்பரையிலேயே அறிவு இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்ற பேச்சு நம் மண்ணில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

'2.0' (2018) இதே வகை. அலைபேசிக் கதிர்வீச்சால் பறவைகள் அழிவதாக அது சொன்னது. படம் வெளியாகும் நேரத்தில் செல்பேசி நிறுவனங்களின் சங்கம், இது அறிவியலுக்கு எதிரானது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அறிவியல் பிழைக்குத் தணிக்கை மருந்தாகாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புகார் கொடுத்தவர்களின் அக்கறை அறிவியலில்தான் இருந்தது என்றும் நான் நம்பவில்லை. ஆனால் பிழை பிழைதான். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதுமாகப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது; அதற்கு அலைபேசிக் கோபுரம் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. எங்கள் தெரு முனையில் கோபுரத்துக்கு நேர் கீழே ஒரு மளிகைக் கடை இருக்கிறது. செல்போன் டவர் வந்து குருவி இனமே அழிந்துபோச்சு என்று ஒரு பெரியவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அரிசி மூட்டையின் வாயில் நான்கு குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. கடைக்காரர் அவற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே "ஆமாங்கய்யா" என்றார்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், படக்குழுவினர் கொஞ்சம் தேடியிருந்தால் உண்மையிலேயே ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் பறவைகளை மரக்குடில்களில் வைத்து ஆராய்ந்தவர்கள், அவை வலசைத் திசையை அறிய முடியாமல் தடுமாறுவதைக் கண்டார்கள். குடில்களை அலுமினியத் தகட்டால் மூடித் தரையோடு மின்னிணைப்புக் கொடுத்ததும் அவற்றின் திசையுணர்வு திரும்பிவிட்டது. நகரத்து மின்கருவிகள் கசியவிடும் மெல்லிய மின்காந்த இரைச்சல், பறவையின் உள்ளே இருக்கும் காந்தத் திசைகாட்டியைக் குழப்புகிறது என்று 2014இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த அலைகள் பழைய ஏ.எம். வானொலியின் அலைவரிசையைச் சேர்ந்தவை, அலைபேசிக்குரியவை அல்ல. வழி தெரியாமல் ஒரு மரக்குடிலுக்குள் சுற்றிச் சுற்றி வரும் கைப்பிடி அளவுப் பறவையையும், தகட்டை ஆணியடித்துப் பொருத்திவிட்டுக் காத்திருக்கும் ஆய்வாளர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். '2.0'வில் அலைபேசிகள் ஒன்றுசேர்ந்து கட்டட உயரத்துக்கு எழுந்து நிற்கும் பறவையைவிட அது எனக்கு அதிகம் பிடிக்கிறது.

மாணவனின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது; நாற்காலியையும் தலைமையாசிரியர் திரும்புவதற்குள் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வீட்டுப்பாடம் கொடுத்தேன்: அவர் கயிற்றை விட்டே ஆகவேண்டும் என்ற நிலை உண்மையாக வரவேண்டும் என்றால் அந்தக் காட்சியில் எதை மாற்றுவீர்கள்? பெரும்பாலோர் எழுதவே இல்லை. சிலர் கயிற்றை அறுத்துவிட்டார்கள். ஒருவன் வேற்றுக்கோள்வாசியை வரவழைத்திருந்தான்.

ஒரு மாணவி மட்டும் நிலையத்தைச் சுழலவிட்டிருந்தாள். சிதறல்கள் மோதியதில் நிலையம் மெல்லச் சுழல்கிறது. அவர்கள் இருவரும் சுழல் அச்சிலிருந்து 30 மீட்டர் தள்ளித் தொங்குகிறார்கள். உடையோடு சேர்த்து அவருடைய நிறை 200 கிலோ. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் பட்டையில் வரும் இழுவிசை 66. அது கையில் 7 கிலோ பையைத் தூக்கிப் பிடிப்பது போலத்தான், அதற்காக யாரும் சாக வேண்டியதில்லை என்று எழுதி அடித்திருந்தாள். அடுத்த வரியில் நிமிடத்துக்கு இரண்டு சுற்று. சுழற்சி இரட்டித்தால் விசை நான்கு மடங்கு: 263. இப்போது ஏறக்குறைய 27 கிலோ, அதுவும் அந்த அக்காவின் காலில் கயிறு ஏற்கெனவே நழுவிக்கொண்டிருக்கிறது, "இப்போது விடலாம்" என்று முடித்திருந்தாள். கணக்கு சரி. இரண்டு இடத்திலும் நியூட்டன் என்று அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.